அரைவட்ட நகரம்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொள்ளுங்கள். கவராயத்தால் அதில் ஒரு வட்டம் வரையுங்கள். வட்டத்தின் மையத்தில் புனித ஜார்ஜ் கோட்டை இருப்பதாக வைத்துக் கொள்வோம். இப்போது மையத்தின் வழியாக வடக்குத் தெற்காக ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டுக்குக் கிழக்கே இருப்பது வங்காள விரிகுடா. அங்கே வீடு கட்ட முடியாது. மேற்கே எஞ்சியுள்ள அரைவட்டத்தில்தான் சென்னை நகரம் தன் மக்கள் அனைவரையும் குடியமர்த்தியாக வேண்டும்.

மதுரை போன்று நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஊருக்கு இந்தத் தொல்லை இல்லை. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நாம் அறிவோம். உள்நாட்டு ஊரில் 10 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் அடங்கிவிடும் மக்களை, அதே நெருக்கத்தில் கடற்கரை ஊரில் குடியேற்ற வேண்டுமானால் அரைவட்டத்தின் ஆரம் 14 கிலோமீட்டருக்கு மேல் நீள வேண்டும். விளிம்பில் வாழ்பவர் போகும்போது 4 கிலோமீட்டரும் வரும்போது 4 கிலோமீட்டரும் கூடுதலாகப் பயணம் செய்கிறார். இந்தக் கூடுதல் தூரத்தின் விலையை யார் கொடுப்பது? சென்னையின் வீடு, வாடகை, வண்டி ஆகியவற்றின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கால்நடை நகரம்

கோட்டைக்கான நிலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது 1639-ஆம் ஆண்டில். அதன்பின் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சாதாரண மக்களின் வாகனம் அவர்களுடைய கால்கள்தாம். சுமை தூக்குவோர், படகோட்டிகள், கடைச் சிப்பந்திகள், எழுத்தர்கள் ஆகிய எல்லோரும் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே குடியிருந்தாக வேண்டும்.

எவ்வளவு அருகில்? இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் மனிதர் அன்றாடப் போக்குவரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் அளவிலேயே செலவிடுகின்றனர் என்பதே அது. இது நியூட்டன் விதியைப் போன்ற திட்டவட்டமான விதியன்று. ஆயினும் தோராயமான கணக்குக்கு மிகவும் பயன்படும். போக அரை மணி, வர அரை மணி எனக் கொள்வோம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் அரை மணியில் 2.5 கிலோமீட்டர் செல்வார். அந்த ஆரமுள்ள அரைவட்டத்தின் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

1871-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்குப்படி சென்னையில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இருந்தனர். நகர எல்லை விரிந்ததாகவே இருந்தது. ஆனால் எல்லைக்குள் பெரும்பகுதி தோட்டமும் வயலும் ஏரியும் தனித்தனிக் கிராமங்களுமாகவே கிடந்தது. இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியிலோ வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டு நின்றன. குதிரை வண்டி வைத்திருந்த துரைமார்களும் செல்வர்களும் நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றங்கரையிலும் பரந்த தோட்ட வீடுகளில் வாழ்ந்தனர். வேகம் யாரிடம் இருந்ததோ, அவரிடமே காற்றோட்டமான வீடும் இருந்தது. நடப்பவருக்குக் கிடைத்தது சந்து வீடுதான்.

டிராம் தந்த தூரம்

1895 மே 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவில் மின்சார டிராம் ஓடிய முதல் நகரம் இதுவே. 1921-ல் 24 கிலோமீட்டர் நீளப் பாதையில் 97 வண்டிகள் ஓடின. டிராமின் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் என்றே வைத்துக் கொண்டாலும் அரை மணியில் 6 கிலோமீட்டர் செல்லலாம். அரைவட்டத்தின் பரப்பு இப்போது 56 சதுர கிலோமீட்டராகிவிடுகிறது. வேகம் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடியது. நிலமோ ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று! குடியிருக்கத் தகுந்த நிலம் பெருகும்போது வாடகையின் கெடுபிடி தளர்கிறது. குறைந்த கட்டணத்தில் ஓடும் ஒரு வண்டி, வீடு கட்டாமலேயே வீட்டுப் பஞ்சத்தைக் குறைக்கும் வல்லமை உடையது.

இதைவிடப் பெரிய மாறுதல் 1931-ல் வந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை, சுமார் 29 கிலோமீட்டர் தூரத்துக்கு, மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடலாயிற்று. நீராவி ரயில் அதற்கு முன்பே அப்பாதையில் இருந்ததே, மின்சாரத்தால் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம்.

புறநகர் ரயிலுக்கு உச்ச வேகத்தைவிட முடுக்கமே முக்கியம். இன்று அத்தடத்தில் 18 நிலையங்கள் உள்ளன. சராசரி இடைவெளி 1.7 கிலோமீட்டர். வண்டி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்ட வேண்டும் எனக் கொள்வோம். முடுக்கம் நொடிக்கு நொடி 0.2 மீட்டர் என்றால், அந்த வேகத்தை அடைய 100 நொடியும் ஒரு கிலோமீட்டர் தூரமும் ஆகும். அடுத்த நிலையத்துக்குப் பாதி வழிக்கு மேல் வேகம் எடுப்பதிலேயே போய்விடும். முடுக்கம் 0.5 மீட்டர் என்றால் 40 நொடியும் 400 மீட்டரும் போதும். புறப்படும்போதே மிகுந்த இழுவிசை தரும் மின்மோட்டார் இதைத்தான் செய்கிறது. மேலும், மின்தொடர் வண்டிக்கு இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. எஞ்சினைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியதில்லை. எனவே ஒரே தடத்தில் அடிக்கடி வண்டி விட முடிந்தது.

ரயில் பாதையின் விளைவை ஊரின் உருவத்திலேயே காணலாம். 1920-களில் மாம்பலத்தில் ஒரு பெரிய ஏரியின் நீரை வடித்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் இன்றும் அந்த ஏரிக்குச் சாட்சியாக நிற்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் சென்றது. பாதை முன்னே போயிற்று. குடியிருப்பு பின்னே சென்றது. இந்த வரிசையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

காலியான ஊர், நிரம்பிய ஊர்

1942 ஏப்ரலில் ஒரு விந்தையான சோதனை நடந்தது. ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. அடுத்தது சென்னைதான் என்ற அச்சம் பரவிற்று. அவசியப் பணியில் இல்லாதோர் வெளியேறுமாறு அரசு அறிவுறுத்தியது. அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறினர். வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகையும் வீட்டு விலையும் சரிந்தன. செங்கல்லும் சுண்ணாம்பும் மாறவில்லை. ஆள் குறைந்ததும் மதிப்புக் குறைந்தது.

அச்சம் நீங்கியதும் போனவர்கள் திரும்பினர். புதியவர்களும் வந்து சேர்ந்தனர். 1941-ல் 7.77 இலட்சமாக இருந்த மக்கள் தொகை 1951-ல் 14 இலட்சத்தைத் தாண்டிற்று. சைதாப்பேட்டை முதலிய பகுதிகள் இடையில் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் நெருக்கடி மெய்யானதே. வாடகையைக் கட்டுப்படுத்த 1946, 1949, 1960 ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவை ஏற்கெனவே குடியிருந்தவரைக் காத்தன. ஆனால் புதிதாக வாடகை வீடு கட்டும் ஆர்வம் இதனால் குறைந்தது. பழைய வீடுகள் பழுது பார்ப்பாரின்றிச் சிதைந்தன. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் வேறொரு சட்டம் நிறைவேறி, 2019-ல் நடைமுறைக்கு வந்தது.

வீடு தேடி மக்கள் அலைந்த அதே காலத்தில் டிராம் கம்பெனி நொடித்துப் போயிற்று. 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. பஸ்கள் அந்த இடத்தை ஏற்றன. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

வரிசை மாறியபோது

வாடகை கொடுக்க இயலாதவர் என்ன செய்வர்? வேலைக்கு அருகே, யாரும் விரும்பாத இடத்தில், கூவக் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போடுவர். இதை அறியாமை என்று கருதுவது தவறு. வண்டிச் செலவே இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கூர்மையான கணக்கு அது.

1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு மாடிக் குடியிருப்புகளை அது கட்டிற்று. 1977-ல் தொடங்கிய உலக வங்கி உதவித் திட்டத்தின் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறு மனைகள் குடிநீர், சாலை வசதிகளுடன் பிரித்துத் தரப்பட்டன. அவரவர் வசதிக்கேற்ப வீடு கட்டிக் கொண்டனர்.

2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு திசை மாறிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகர மையத்துக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வரை தள்ளி ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். நிலம் மலிவு, வீடு உறுதியான கட்டடம். ஆனால் அங்கே மின்சார ரயில் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலை வழியாகவும் செல்லும் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2020-ல்தான். 1931-ல் பாதை முன்னே, மக்கள் பின்னே. இங்கே மக்கள் முன்னே, பாதை இருபது ஆண்டு பின்னே!

மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்து வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு. இடையில் தன் பிள்ளைகளுக்குச் சமையல். வீடு 25 கிலோமீட்டர் தள்ளிப் போனால் நடுவில் வந்து போக முடியாது. நான்கு வீடு இரண்டு வீடாகும், வருமானம் பாதியாகும். 2021-ல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது பெரிய உதவிதான். அது பணத்தை மிச்சப்படுத்தியது. இழந்த மணிகளை அதனால் திருப்பித் தர இயலாது.

ஏழைகள் மட்டும் வெளியே செல்லவில்லை. 2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னை மாவட்டத்தின் மக்கள் தொகை 7 விழுக்காடே கூடியது. அடுத்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் 35 விழுக்காடும், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 39 விழுக்காடும் கூடின. நகரின் மையம் நிலைத்து நிற்க, விளிம்பு ஓடிக் கொண்டிருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் அரசு ஆணையிட்டது.

இரு தட்டுகள்

அப்படியானால் எங்கும் ரயில் விட்டால் போதுமா? போதாது. பாதை வந்ததும் நிலையத்தைச் சுற்றி நில விலை ஏறுகிறது. பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரையிலிருந்து புறப்பட்டு வேளச்சேரியை அடைய 2007 ஆயிற்று. வண்டி வருவதற்குள்ளாகவே அங்கே மனை விலை சாமானியர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நிலையத்தருகே எளியோருக்கான வீட்டு மனைகளை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காவிட்டால், பொதுப் பணத்தில் போடும் பாதையே ஏழையை மேலும் வெளியே தள்ளும்.

வாடகையும் பயணமும் ஒரே தராசின் இரு தட்டுகள். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். ஆகவே 'இந்த வீட்டின் விலை என்ன?' என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வியாகும். மாத வாடகை, மாதப் பயணச் செலவு, பயணத்தில் கழியும் மணிகளுக்கான கூலி ஆகிய மூன்றையும் கூட்டினால் வருவதே வீட்டின் உண்மையான விலை.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். உங்கள் தெருவில் பத்துக் குடும்பங்களிடம் இம்மூன்றையும் கேட்டு எழுதுங்கள். மலிவென்று நினைத்த வீடு எத்தனை பேருக்கு உண்மையில் மலிவாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கடல் எடுத்துக் கொண்ட பாதி வட்டத்தை நாம் மீட்க முடியாது. ஆனால் எஞ்சிய பாதியில் யாரை எங்கே வைப்பது, வண்டியை எப்போது விடுவது என்பவை நம் முடிவுகளே. வீட்டுத் திட்டத்தையும் பாதைத் திட்டத்தையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே நாளில் முடிவு செய்வதே 1931-ஆம் ஆண்டு முதல் சென்னை நமக்குக் கற்றுத் தரும் பாடம்.