சாக்மன் சட்டகம்

பெருநிறுவனம் ஒன்றின் தகவல் அமைப்புகளை விவரிக்கும் ஆவணங்களை வகைப்படுத்தும் கட்ட அட்டவணை. கிடைவரிசை ஒவ்வொன்றும் ஒரு தரப்பாரின் பார்வை. நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. இதை உருவாக்கிய அமெரிக்கர் ஜான் சாக்மன், அப்போது ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றினார்.

ஐபிஎம்மில் முன்பே வழக்கிலிருந்த 'பிசினஸ் சிஸ்டம்ஸ் பிளானிங்' என்னும் திட்டமிடல் முறையில் அவருக்குப் பங்கு உண்டு. இச்சட்டகம் சார்ந்த துறையான நிறுவனக் கட்டமைப்பியலின் ஊற்று அம்முறையா, சட்டகத்தை முன்வைத்த சாக்மனின் கட்டுரையா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

அக்கட்டுரை 1987இல் 'ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. கட்டடமும் விமானமும் உருவாகும்போது என்னென்ன வரைபடங்கள் யார் யாருக்காகத் தயாராகின்றன என்று சாக்மன் கவனித்தார். கட்டடக்கலைஞர் முதலில் வட்டங்களாகக் கிறுக்கிக் காட்டும் படம், வீட்டுக்காரர் பார்த்து ஒப்புக்கொள்ளும் படம், வடிவமைப்பாளரின் விரிவான திட்டம், ஒப்பந்தக்காரரின் திட்டம், துணை ஒப்பந்தக்காரரின் பட்டறைப் படம் என அவை நீள்கின்றன. ஒன்றில் விவரம் கூடினால் அடுத்தது வந்துவிடாது, அவை தன்மையிலேயே வேறானவை என்பதே அவர் வாதம். கட்டுரையில் வரும் 'பணியாளர்' உதாரணம் இதைச் சுருக்கமாகவே விளக்கிவிடுகிறது: நிறுவனத்தை நடத்துபவருக்குப் பணியாளர் என்றால் சம்பளம் வாங்கும் ஆள், கணினி அமைப்பை வடிவமைப்பவருக்கோ அதே பெயருடைய ஒரு பதிவு. இருவரும் ஒரே சொல்லை வைத்து வெவ்வேறு பொருளைப் பேசிக்கொண்டிருக்கலாம். முதற்கட்டுரை விரிவாக எடுத்துக்கொண்டவை என்ன, எப்படி, எங்கே ஆகிய மூன்று கேள்விகள்.

1992இல் ஜான் சோவாவுடன் இணைந்து எழுதிய கட்டுரையில் யார், எப்போது, ஏன் ஆகியவையும் சேர்ந்தன. நெடுவரிசைகளுக்கிடையே முன்பின் முறை கிடையாது என்பது போன்ற விதிகளும் அதில் வகுக்கப்பட்டன.

அமெரிக்கக் கூட்டரசு 1999இல் வெளியிட்ட கட்டமைப்புச் சட்டகத்தில் சாக்மன் சட்டகத்தின் தாக்கம் உண்டு.

கட்டங்கள் அனைத்தையும் நிரப்பப் புகுந்தால் ஆவணங்கள் மலையாகக் குவியும், எங்கே தொடங்குவது என்பதையும் அட்டவணை சொல்வதில்லை என்பன குறைகூறுவோரின் வாதங்கள். இது செயல்முறை அன்று, வகைப்பாடு மட்டுமே என்பது சாக்மனின் மறுமொழி. வேதியியல் பட்டதாரியான அவர் தனிம அட்டவணையை இதற்கு ஒப்புமையாகக் காட்டுவது வழக்கம். நடைமுறையில் பயன் எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

சட்டகத்தின் 2011இல் வந்த மூன்றாம் பதிப்பில் வரிசைகளின் பெயர்கள் மாறின.