வாக்குச்சீட்டை வாசித்தல்

அமெரிக்க பேஸ்பாலில் பருவம் தொடங்குமுன்பே, அவ்வாண்டின் தனிநபர் விருதுகள் யாருக்குக் கிட்டும் என்று ஆரூடம் கூறும் பத்திகள் வெளியாகிவிடுகின்றன. மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது, சிறந்த புதுமுகம் ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆட்டத்திறனைக் கணிக்கும் வேலை. ஆனால் இவ்விருதுகளின் நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டுகையில் வேறோர் உண்மை புலப்படுகிறது. இங்கே கணிக்கப்பட வேண்டியவர் ஆடுபவர் மட்டுமல்லர், அவருக்கு வாக்களிப்பவரும்தான்.

தொடக்கத்தில் வாக்களிப்பவர் என்றே ஒருவர் இருக்கவில்லை. 1910இல் சால்மர்ஸ் மோட்டார் நிறுவனம், மட்டையடிச் சராசரியில் முதலிடம் பெறுபவருக்கு ஒரு கார் பரிசு என்று அறிவித்தது. எண்ணே நடுவர். டெட்ராய்ட் அணியின் டை காப் முன்னணியில் இருந்தார். அதைக் காத்துக்கொள்ளக் கடைசி இரண்டு ஆட்டங்களில் அவர் களமிறங்கவில்லை. பலருக்கும் அவரைப் பிடிக்காது. அக்டோபர் 9 அன்று செயின்ட் லூயிஸில் நடந்த இரட்டை ஆட்டத்தில், காப்பின் போட்டியாளரான நாப் லாஜோய்க்கு எதிராக, உள்ளூர் அணியின் மேலாளர் தம் மூன்றாம் தள ஆட்டக்காரரை வெகுதூரம் பின்னே நிற்கச் செய்தார். லாஜோய் பந்தை மெல்லத் தட்டிவிட்டே ஓடினார். அன்று மட்டும் 8 ஹிட்டுகள். ஊரெங்கும் அவதூறு எழுந்தது. லீகின் தலைவர் காப்பே வென்றதாக அறிவித்தார், மேலாளர் வேலையிழந்தார், நிறுவனம் இருவருக்குமே கார் கொடுத்தது. காப்பின் ஓர் ஆட்டம் இருமுறை கணக்கில் ஏறியிருந்தது என்பது 1981இல் வெளிவந்தது. ஆக, எண்ணை நடுவராக அமர்த்தினாலும் மனிதர் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறார்.

1911 முதல் அப்பரிசு பத்திரிகையாளர் குழுவின் தேர்வாயிற்று. 1914உடன் நின்றும் போயிற்று. 1922இல் அமெரிக்கன் லீக் தன் விருதைத் தொடங்கியபோது, ஒருமுறை வென்றவர் மறுமுறை வெல்ல இயலாது என்று விதித்தது. 1923இல் பேப் ரூத் வென்றார். 1927இல் அவர் 60 ஹோம் ரன் அடித்த புகழ்பெற்ற ஆண்டில் விருது லூ கெரிக்குக்குச் சென்றது. அவ்வாண்டு ஆரூடம் சொன்னவர் ரூத்தின் மட்டையை அல்ல, விதிப்புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்.

இன்றைய வடிவம் 1931இல் பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் பொறுப்பேற்றபோது உருவானது. 'மதிப்பு' என்பதற்குத் திட்டமான வரையறை இல்லை, அதை வாக்காளரே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தரப்படும் வழிகாட்டுதல். தகுதியுடையவருக்கு மட்டும் இடம்விடும் சங்கப்பலகை எதுவும் அங்கில்லை. இந்த நெகிழ்ச்சிக்கு அதிக விலை கொடுத்தவர் டெட் வில்லியம்ஸ். 1941இல் அவரது சராசரி 0.406, அதன்பின் இன்றுவரை அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் எந்தப் பருவத்திலும் ஒருவரும் எட்டாத உயரம். விருதோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த ஜோ டிமாஜியோவுக்கு. 1942இல் சராசரி, ஹோம் ரன், அணிக்குச் சேர்த்த ஓட்டங்கள் மூன்றிலும் முதலிடம் பெற்று மும்முடி சூடினார் வில்லியம்ஸ். விருது ஜோ கார்டனுக்கு. 1947இல் மீண்டும் மும்முடி. 202க்கு 201 என்று ஒரே புள்ளியில் டிமாஜியோ வென்றார். மூன்று ஆண்டுகளிலும் வென்றவரின் அணி நியூயார்க் யாங்கீஸ். மூன்று ஆண்டுகளிலும் அது லீகின் முதலிடம் பெற்றது. வில்லியம்ஸுக்கும் பத்திரிகையாளருக்கும் இருந்த பகையும் ஊரறிந்தது.

இதையெல்லாம் ஓரவஞ்சனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நடுவரின் அளவுகோலும் மாறக்கூடியதே. 1990இல் பாப் வெல்ச் 27 ஆட்டங்களில் வென்றார் என்பதற்காகச் சை யங் விருது பெற்றார். ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.93 ஓட்டம் மட்டுமே விட்டுக்கொடுத்த ராஜர் கிளெமென்ஸ் இரண்டாமிடம். 2010இல் 13 வெற்றியும் 12 தோல்வியுமாக நின்ற ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு அதே விருது கிடைத்தது. வெற்றி தோல்வி பந்துவீசுபவரின் கையில் மட்டும் இல்லை என்பதை அந்த இருபதாண்டுகளில் வாக்காளர் கற்றுக்கொண்டனர். பில் ஜேம்ஸ் போன்றோர் 1970களின் பிற்பகுதியிலிருந்து எழுதிவந்த புள்ளியியல் ஆய்வுகளுக்கு அதில் பெரும்பங்குண்டு. ஆயினும் மாற்றம் நேர்கோட்டில் நிகழ்வதில்லை. 2012இல் புதிய அளவைகள் மைக் ட்ரவுட்டைச் சுட்டின. 1967க்குப் பிறகு முதன்முறையாக மும்முடி சூடிய மிகெல் காப்ரேரா, 28 முதலிட வாக்குகளில் 22ஐப் பெற்று வென்றார். பழைய மகுடத்தின் ஒளி இன்னும் மங்கியிருக்கவில்லை.

எல்லாவற்றினும் கனமான விதி, வாக்குச்சீட்டில் எழுதப்படாதது. 1947 வரை கறுப்பின ஆட்டக்காரருக்கு மேஜர் லீகில் இடமே இல்லை. அவ்வாண்டு தொடங்கப்பட்ட சிறந்த புதுமுக விருதை முதலில் பெற்றவர் ஜாக்கி ராபின்சன். அப்போது அவருக்கு வயது 28. 'புதுமுகம்' என்ற சொல்லுக்குள் இழந்த ஆண்டுகள் உறைந்திருக்கின்றன. மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதோ 1944 முதல் ஆணையர் லாண்டிஸின் பெயரைத் தாங்கியிருந்தது. அவர் பதவியிலிருந்த 1920 முதல் 1944 வரையில் ஒரு கறுப்பினத்தவர்கூட அந்த லீகுகளில் ஆடவில்லை. 2020இல்தான் எழுத்தாளர் சங்கம் அப்பெயரை நீக்கியது.

2024இல் நீக்ரோ லீகுகளின் கணக்குகள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் இணைக்கப்பட்டன. வாழ்நாள் மட்டையடிச் சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் இரண்டாமிடத்துக்கு இறங்கினார்; 0.372 என்ற சராசரியுடன் ஜோஷ் கிப்சன் முதலிடம் பெற்றார். ராபின்சன் களமிறங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1947 ஜனவரியில், கிப்சன் இறந்துவிட்டார். அவர் ஆடிய காலத்தில் எந்த மேஜர் லீக் விருதுக்கும் அவர் பெயரை எவரும் ஆரூடம் கூறியிருக்க முடியாது. வெல்லப்போகிறவர் யார் என்று கேட்குமுன், பட்டியலில் இடம்பெற யாருக்கெல்லாம் அனுமதி இருந்தது என்று கேட்பதே வரலாற்று மாணவனின் முதற்பணி என்று தோன்றுகிறது.