காவிரிக் கரையில் ஒரு கிறித்தவத் தவச்சாலை

துறவறம் தமிழர்க்குப் புதியதன்று. சமண முனிவர் தங்கிய மலைக்குகைகளும், சித்தர் மரபும், சைவ மடங்களும் நம் நாட்டின் பழஞ்செல்வங்கள். அந்நாட்டிலே, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், ஐரோப்பாவிற் பிறந்த கத்தோலிக்கத் துறவியர் காவியுடுத்து ஓர் ஆசிரமம் கண்டனர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அதன் வரலாற்றைச் சுருங்க உரைப்போம்.

கிறித்தவத் துறவறம் எகிப்தின் பாலைநிலத்தில் முளைத்தது. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான புனித பெனடிக்ட் மடவாழ்வுக்கு ஒழுங்குமுறை நூலொன்று வகுத்தார். வழிபாடு, உடலுழைப்பு, நூலோதல் என்னும் மூன்றாலும் நாள் நிரம்ப வேண்டும் என்பது அதன் சாரம். தமிழகத்தில் 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி சந்நியாசிக் கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். எனினும் அவர் பணி சமயம் பரப்புதல், மடவாழ்வன்று.

பிரெஞ்சு நாட்டுக் குருவாகிய ஜூல் மொன்ஷானேன் 1895இல் பிறந்தவர். 1939இல் இந்தியா வந்து, திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்துச் சிற்றூர்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். பெனடிக்ட் சபைத் துறவியான ஹென்றி லெ சோ 1948இல் அவருடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்டது லெ சோவின் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது. 1950 மார்ச்சு 21, புனித பெனடிக்ட் திருநாளன்று, காவிரிக்கரை மாந்தோப்பில் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கிற்று. மக்கள் அதனைச் சாந்திவனம் என்றனர். முன்னவர் பரம அரூபி ஆனந்தம் எனவும், பின்னவர் அபிஷிக்தானந்தர் எனவும் பெயர் பூண்டனர். திரித்துவத்தைச் சத்து, சித்து, ஆனந்தம் எனக் காணும் நோக்கு வங்கத்துப் பிரமபாந்தவ உபாத்தியாயர் முன்னரே காட்டிய வழியாகும்.

ஆயினும் வழி எளிதாயிருக்கவில்லை. உடன்வாழத் துறவியர் நிலையாய் வந்து சேரவில்லை. இருவர்க்குள்ளும் கருத்து வேற்றுமை வளர்ந்தது. அத்துவைதமும் திரித்துவமும் எளிதில் ஒன்றுபடா என மொன்ஷானேன் ஐயுற்றார். அபிஷிக்தானந்தரோ அருணாசலக் குகைகளிலே தங்கி அத்துவைத அனுபவத்திற் மேன்மேலும் ஈடுபட்டார். மொன்ஷானேன் 1957இல் பாரிசில் மறைந்தார். 1955இல் திருக்கோவலூர் ஞானானந்த சுவாமிகளைக் கண்டு குருவாய்ப் போற்றிய அபிஷிக்தானந்தர், 1960இல் இந்தியக் குடிமகனானார்; 1968இல் சாந்திவனத்தை விட்டு இமயச் சாரலை நாடினார்; 1973இல் இந்தூரில் காலமானார். இரு நெறிகட்கும் இடையே தாம் பட்ட வேதனையை அவர்தம் நாட்குறிப்பு மறையாது காட்டுகின்றது.

பின்வந்து ஆசிரமத்தை வளர்த்தவர் ஆங்கிலத் துறவி பீட் கிரிபித்ஸ். இவர் வரலாற்றில் நம் நகருக்கும் பங்குண்டு. 1955இல் கப்பலேறி வந்த அவர் அன்றைய பம்பாயில் இறங்கினார்; எலிபண்டாக் குகையின் மும்முகச் சிவன் தம்மை ஈர்த்த திறத்தைப் பின்னாளில் நூலில் எழுதினார். கேரளத்துக் குரிசுமலையில் தங்கியபின் 1968இல் சாந்திவனம் சேர்ந்து, 1993இல் மறையும்வரை அங்கு வாழ்ந்தார். அவர் காலத்தில் உபநிடத வாசகமும் தமிழ்ப்பாடலும் ஆரத்தியும் அங்குக் கிறித்தவ வழிபாட்டில் இணைந்தன.

இம்முயற்சியை எல்லோரும் ஏற்றனரோ எனின், இல்லை. திருச்சபையின் நெறி பிறழ்ந்ததெனக் கிறித்தவர் சிலரும், மதமாற்றத்திற்கு இட்ட வேடமெனக் இந்துக்கள் சிலரும் கண்டித்தனர். இரு சாராரின் ஐயத்தையும் இகழ்தல் தகாது. உடை மாறின் உள்ளம் எவ்வளவு மாறும் என்பது மெய்யான வினாவே. மூவரும் அவ்வினாவைத் தம் வாழ்வாலே தாங்கினர். ஒரே விடையைத் தரவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கும் இவ்வினா அயலானதன்று. ஆஷாட ஏகாதசியன்று வடாலா விட்டலன் கோயிலில் மராட்டிய மக்களோடு வரிசையில் நிற்கும் தமிழர் தம் முருகனை மறந்தாரில்லை. புதிய மண்ணின் மொழியையும் வழக்கையும் மதித்துக் கற்றலும், தம் வேரைக் காத்தலும் ஒருங்கே இயலுமோ எனத் தண்ணீர்ப்பள்ளித் துறவியர் தேடினர். நம் இல்லந்தோறும் அத்தேடல் நாள்தோறும் நிகழ்கின்றது. விடுமுறைக்குத் தாயகம் செல்லும் அன்பர்கள் குளித்தலை வழியே போக நேரின், அம்மாந்தோப்பினுள்ளும் ஒருகால் சென்று வருவாராக.