போரோபுதூர் போறீங்களா? விமானச் சீட்டுக்கு முன்னால் இதைப் பாருங்க

நீண்ட வாரயிறுதிக்கு யோக்யகார்த்தா போகலாம்னு திட்டமா? அப்படின்னா உங்கள் பட்டியலில் போரோபுதூர் கண்டிப்பா இருக்கும். ஆனால் அங்கு போய்ச் சேரும் எல்லாருமே கோயிலின் மேலே ஏறிவிட முடியாது. வளாகத்துக்குள் போக ஒரு நுழைவுச்சீட்டு, கோயில்மீது ஏற வேறொரு நுழைவுச்சீட்டு. இது தெரியாமல் போனால், கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

போரோபுதூர், 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சைலேந்திர மன்னர்கள் காலத்தில் எழுந்த புத்த ஆலயம். எரிமலைக் கற்களைச் சாந்து இல்லாமலேயே ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக லட்சக்கணக்கானோர் ஏறி இறங்கியதில் படிக்கற்கள் தேய்ந்துவிட்டன. தேய்ந்த கல்லை மீட்க வழியில்லை.

அதனால்தான் கோவிட்-19 நோய்ப்பரவலுக்குப் பிறகு மேல்தளங்களை மீண்டும் திறந்தபோது, நாளுக்கு 1,200 பேர் என்று வரம்பு வைத்தார்கள். குறித்த நேரத்தில், குழுவாக, வழிகாட்டியுடன்தான் ஏற வேண்டும். சொந்தக் காலணிக்குப் பதில், கல்லைப் பாதிக்காத 'உபானட்' என்ற மென்மையான செருப்பை அங்கேயே தருவார்கள்.

ராஃபிள்ஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூர்ல நமக்குத் தெரிந்த அதே ராஃபிள்ஸ்தான். ஜாவா பிரிட்டிஷார் கையில் இருந்த காலத்தில் அதை நிர்வகித்தவர் அவர். காட்டுக்குள் பெரிய நினைவுச்சின்னம் மறைந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, 1814இல் ஒரு டச்சுப் பொறியாளரை அனுப்பி மண்ணையும் செடிகொடிகளையும் அகற்றச் செய்தார். பின்னர் யுனெஸ்கோ உதவியுடன் நடந்த பெரிய சீரமைப்பு 1983இல் முடிந்தது. 1991இல் உலக மரபுடைமைத் தலமானது.

எப்படித் திட்டமிடலாம்?

• முதலில் ஏறும் நுழைவுச்சீட்டு: அதிகாரபூர்வ இணையத்தளத்தில் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்த பிறகு விமானம், ஹோட்டல் பதிவுசெய்யுங்கள். வரம்பும் கட்டணமும் மாறலாம் என்பதால் அப்போதைய விவரத்தைப் பாருங்கள்.

• திங்கட்கிழமை: பராமரிப்புக்காக அன்று மேலே ஏற அனுமதிப்பதில்லை. வெள்ளி முதல் திங்கள்வரை போகிறவர்கள் சனி அல்லது ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள்.

• நேரம்: அங்கே நம்மைவிட 1 மணி நேரம் பின்தங்கியிருக்கும். யோக்யகார்த்தா நகரிலிருந்து கோயில் சுமார் 40 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே போவது நல்லது.

• மழை: சுமார் நவம்பர் முதல் மார்ச்வரை மழைக்காலம். படிகள் செங்குத்தானவை, வழுக்கும்.

• வெசாக்: அந்த நாளில் மெண்டுட் கோயிலிலிருந்து போரோபுதூருக்குப் பக்தர்கள் ஊர்வலமாகச் செல்வார்கள். கூட்டம் அதிகம், விதிமுறைகளும் மாறும்.

மேலே என்ன பார்க்கலாம்?

சதுரத் தளங்கள் 6, வட்டத் தளங்கள் 3, உச்சியில் பெரிய தூபி. வட்டத் தளங்களில் துளையிட்ட தூபிகள் 72. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு புத்தர் சிலைக்கு இடம் உண்டு. சுவர்ச் சிற்பங்களின் கதை கிழக்கு வாசலில் தொடங்குகிறது. நம்ம கோயில்ல பிரகாரம் சுற்றுவதுபோல வலமாக நடந்தால் புத்தரின் வாழ்க்கைக் கதை வரிசையாக வரும்.

தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். தூபிகள்மீது சாயவோ உட்காரவோ வேண்டாம். அதிர்ஷ்டம் வரும் என்று துளைக்குள் கைவிட்டு சிலையைத் தொடும் பழக்கமும் வேண்டாமே!

ஏறும் நுழைவுச்சீட்டு கிடைக்கலையா?

பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. வளாகத்திலிருந்தே கோயிலின் முழு உருவத்தையும் பார்க்கலாம். சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி மெண்டுட் கோயிலில் அமர்ந்த நிலையில் பெரிய புத்தர் சிலை இருக்கிறது. இன்னொரு நாள் கையில் இருந்தால், நகரின் மறுபக்கத்தில் சிவனுக்கு எழுப்பிய பிரம்பனான் கோயிலுக்கும் போய்வரலாம்.