இல்லாத விமானத்துக்கு ஒதுங்கிய விமானங்கள்: டிகாஸ் பொய் எச்சரிக்கைகளின் வரலாறு

1996 நவம்பர் 12 மாலை, அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதியாவின் போயிங் 747 விமானமும் கசகஸ்தானின் இல்யூஷின் 76 விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். டெல்லிக்கு வரவும் புறப்படவும் அன்று ஒரே வான்பாதை. விமான நிலைய ரேடாரோ உயரத்தைக் காட்டாத பழைய வகை. 15,000 அடியில் நிற்கவேண்டிய கசக் விமானம் அதற்கும் கீழே இறங்கியது. நீதிபதி லகோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு டிகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது இந்த விபத்துக்குப் பிறகே.

அமெரிக்கா இதை முன்பே செய்திருந்தது. 1986இல் செரிட்டோஸ் நகர வானில் நடந்த மோதலை அடுத்து 1987இல் அங்கே சட்டம் வந்தது. ஆனால் கருவியின் அடிப்படைக் கணக்கு 1950களிலேயே பிறந்துவிட்டது. பெண்டிக்ஸ் நிறுவனத்தின் ஜான் மோரல், இரு விமானங்களுக்கு இடையே எத்தனை மைல் என்று பார்க்காமல், மோத எத்தனை நொடி என்று பார்த்தார். தூரத்தை, நெருங்கும் வேகத்தால் வகுத்தால் நொடி கிடைக்கும்.

தொல்லையும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கியது. 1,000 அடி கீழே நிற்கப்போகும் விமானம் விரைந்து ஏறிவந்தால், அது நிற்கப்போவது கருவிக்குத் தெரியாது. 'ஏறு' என்று கத்தும். இதைப் பொய் என்பதைவிட வேண்டாத எச்சரிக்கை என்பதே சரி. 1993இல் வந்த, டிகாஸ் மென்பொருளின் 6.04ஏ பதிப்பு முதன்மையாக இவற்றைக் குறைக்கவே எழுதப்பட்டது. அசல் பொய்கள் வேறு. தன் விமானத்தின் உயரத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் அனுப்பிய பதிலையே இன்னொரு விமானம் என்று கருவி நம்பியதுண்டு. தரையில் பழுதுபார்ப்பவர்கள் போலி உயரம் கொடுத்து டிரான்ஸ்பாண்டரைச் சோதிக்க, மேலே பறந்தவர்கள் பதறி ஒதுங்கியதும் உண்டு.

அப்படியானால் விமானி யாரை நம்புவது? 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் இதற்குக் கொடூரமான விடை கிடைத்தது. ரஷ்ய விமானத்தின் கருவி 'ஏறு' என்றது. கட்டுப்பாட்டாளர் 'இறங்கு' என்றார். விமானி மனிதர் சொன்னதைக் கேட்டார். குறுக்கே வந்த சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தனர். அதன்பின் சர்வதேச விதி திட்டவட்டமாயிற்று: கருவியின் கட்டளையே மேல். பொய் எச்சரிக்கையின் விலை ஏறியது இங்கேதான் என்பது என் கணிப்பு. சந்தேகப்படும் உரிமையை விமானியிடமிருந்து வாங்கிவிட்ட பிறகு, கருவி பொய் சொன்னாலும் அவர் கீழ்ப்படிந்தே ஆகவேண்டும்.

தரைக்கு அருகே வேண்டாத கூச்சல் மிகும் என்பதால், சுமார் 1,000 அடிக்குக் கீழே 'ஏறு, இறங்கு' கட்டளைகளைக் கருவியே அடக்கிவைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தருகே, ஏறத்தாழ 300 அடி உயரத்தில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது, டிகாஸ் 'அருகே விமானம்' என்று மட்டும் சொன்னது; தப்பும் வழி சொல்லவில்லை. மார்ச் 1 அன்று அதே நிலையத்தில் இறங்கவந்த பல விமானங்களுக்கு, எதிரே ஒன்றுமே இல்லாதபோது, தப்பச்சொல்லிக் கட்டளை வந்தது. அந்த வட்டாரத்தில் டிகாஸ் அலைவரிசையிலேயே டிரோன் எதிர்ப்புக் கருவிகள் சோதிக்கப்பட்டன என்று அம்மாதமே அமெரிக்கச் செனட் விசாரணையில் கூறப்பட்டது.