மாட்ரிட் 2004: குண்டுவெடிப்பும் பொதுஜன அபிப்பிராயமும்

2004-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி காலையில், வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு மாட்ரிட் நகருக்குள் வந்துகொண்டிருந்த நான்கு ரயில்களில் பத்துக் குண்டுகள் சில நிமிஷங்களுக்குள் வெடித்து, 190-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. மூன்றாம் நாள் நடந்த பொதுத்தேர்தலில், எட்டு ஆண்டுகளாக ஸ்பெயினை ஆண்டுவந்த மக்கள் கட்சி தோற்றது. இவ்விரண்டையும் காரண காரியமாக முடிச்சிட்டு, ஒரு தேசம் பயங்கரவாதத்துக்கு அஞ்சித் தன் அரசாங்கத்தை மாற்றிக்கொண்டது என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பலர் அன்று எழுதினார்கள். ஸ்பானியர் குண்டுகளோடு வாழ்ந்த முப்பதாண்டுச் சரித்திரத்தைப் பார்த்தால் இம்முடிவை ஒப்புவது கடினம்.

பாஸ்க் பிரதேசத்தின் சுதந்திரத்தைக் கோரி 1959-ல் தோன்றிய எட்டா இயக்கம், 1973 டிசம்பரில் பிராங்கோவின் பிரதம மந்திரி கர்ரேரோ பிளாங்கோவை மாட்ரிட் வீதியில் வெடிவைத்துக் கொன்றபோது, சர்வாதிகாரத்தை வெறுத்தவர்களில் சிலர் உள்ளூர மகிழ்ந்தார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஜனநாயகம் மலர்ந்த பின்னும் கொலைகள் ஓயாமல், 1987-ல் பார்சலோனாவின் ஹிப்பர்கோர் அங்காடியில் 21 பேர் மாண்டதும், அந்த அனுதாபத்தின் எச்சமும் கரைந்தது. 1997 ஜூலையில் எர்முவா என்னும் சிற்றூரின் இளம் நகரசபை உறுப்பினர் மிகேல் ஆங்கல் பிளாங்கோவைக் கடத்தி, சிறையிலிருக்கும் தம் கூட்டாளிகளைப் பாஸ்க் பிரதேசத்துக்கு மாற்றவேண்டுமென்று 48 மணி நேரக் கெடு விதித்து, சர்க்கார் இணங்காது போகவே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தெருவில் திரண்ட லட்சோபலட்சம் ஜனங்கள் பழித்தது கொன்றவர்களையே அன்றி, பணிய மறுத்த சர்க்காரை அல்ல. இதை நினைவில் வைத்தே 2004-ஐ ஆராய வேண்டும்.

1995-ல் எட்டாவின் கார் குண்டுக்குத் தப்பிப் பிழைத்தவரான ஹோசே மரியா அஸ்னார், பிரதமரான பின் பயங்கரவாதம் எங்கிருப்பினும் ஒன்றே என்ற சித்தாந்தத்தைக் கைக்கொண்டார். 2003 மார்ச் 16-ஆம் தேதி அசோர்ஸ் தீவில் புஷ், பிளேர் இருவரோடும் சேர்ந்து நின்று ஈராக் யுத்தத்துக்கு ஆதரவளித்தார். ஜனங்களிலோ பத்தில் ஒன்பது பேர் அந்த யுத்தத்தை எதிர்த்தார்கள். ஆயினும் அதே ஆண்டு மே மாதத்து நகரசபைத் தேர்தல்களில் ஆளுங்கட்சிக்குப் பெரிய நஷ்டம் நேரவில்லை. சுமார் 1,300 ஸ்பானிய வீரர்கள் ஈராக்கில் இருந்தும், நவம்பரில் ஏழு உளவு அதிகாரிகள் அங்கே கொல்லப்பட்டும், 2004 தேர்தலில் ஆளுங்கட்சியே முந்தும் என்று கருத்துக் கணிப்புகள் கூறின. வெறுக்கப்பட்ட யுத்தமாயினும், அது தூரத்து விவகாரமாகவே இருந்தது.

மார்ச் 11 அன்று சர்க்கார் எட்டாவைச் சந்தேகித்ததில் குற்றமில்லை. முந்திய கிறிஸ்துமஸ் சமயத்தில் சாமார்ட்டின் ரயில் நிலையத்தில் குண்டுவைக்க எட்டா முயன்றிருந்தது; பிப்ரவரி இறுதியில் மாட்ரிட்டை நோக்கி வந்த வெடிமருந்து வண்டியொன்றும் பிடிபட்டிருந்தது. குற்றம், சந்தேகத்தை நிச்சயமாக்கிப் பிரகடனம் செய்ததில்தான் இருக்கிறது. பத்திரிகாசிரியர்களுக்குப் பிரதமரே தொலைபேசியில் உறுதி கூறினார். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை அன்றே எட்டாவின் பெயரைச் சொல்லிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே நாளில் அல்காலா நகரில் வெடிகருவிகளும் குர்ஆன் ஓதும் ஒலிநாடாவும் கொண்ட வண்டி ஒன்று அகப்பட்டது. எட்டாவின் வேலை என்றால் அஸ்னாரின் கண்டிப்புக்குப் பெருமை சேரும், அல்காயிதாவின் வழியினர் என்றால் ஈராக் முடிவு கேள்விக்குள்ளாகும் என்ற கணக்கைச் சாமானியர்களும் போட்டார்கள். மறுநாள் தேசமெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர்வலமாகச் சென்றபோது, செய்தது யார் என்ற கேள்வியும் துக்கத்தோடு கலந்து ஒலித்தது. பிரசாரம் தடைசெய்யப்பட்டிருந்த 13-ஆம் தேதி மாலையில், கைபேசிச் செய்திகள் மூலம் திரண்ட கூட்டம் ஆளுங்கட்சித் தலைமையகத்தை முற்றுகையிட்டது. மூன்று மொராக்கோக்காரர்களும், பிற்பாடு விடுவிக்கப்பட்ட இரண்டு இந்தியர்களும் கைதானதை அன்றிரவுதான் உள்துறை மந்திரி அசேபெஸ் அறிவித்தார்.

வாக்குக் கணக்கு இன்னும் தெளிவான சாட்சி. 2000-ஆம் ஆண்டோடு ஒப்பிட மக்கள் கட்சி இழந்தது சுமார் 5.5 லட்சம் வாக்குகளே. சோஷலிஸ்டுகளுக்கோ 31 லட்சம் கூடி, ஆசனங்கள் 125-லிருந்து 164-ஆயின. வாக்களித்தோர் விகிதம் ஏறத்தாழ 69-லிருந்து 75-க்கு மேல் சென்றது. ஆளுங்கட்சியை ஆதரித்தவர்கள் பெரும்பாலும் அசையவில்லை. முன்பு வீட்டிலிருந்தவர்களும் சிறு கட்சிகளை ஆதரித்தவர்களும் திரண்டு வந்தார்கள். அவர்களை அழைத்துவந்தது அச்சமென்பதைவிட, பழைய யுத்த வெறுப்பும் மூன்று நாள் மழுப்பலின்மீது எழுந்த கோபமும் என்பதே என் துணிபு. குண்டுகள் வெடிக்காதிருந்தால் முடிவு வேறாயிருக்கக்கூடும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

புதிய பிரதமர் சபத்தேரோ பதவியேற்ற மறுநாளே ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்ப அழைத்தார். அது குண்டுவெடிப்புக்கு முன்பே அவர் அளித்திருந்த வாக்குறுதி. ஆப்கானிஸ்தானத்திலிருந்த படையை அவர் வாபஸ் வாங்கவில்லை. தேர்தல் முடிந்தபின் ஏப்ரல் 2-ஆம் தேதி மாட்ரிட்-செவில் ரயில் பாதையில் இன்னொரு குண்டு கண்டெடுக்கப்பட்டதிலிருந்து, சதிகாரர்களும் தேர்தல் முடிவால் திருப்தியடையவில்லை என்று தெரிகிறது. 2007 அக்டோபரில் வெளியான நீதிமன்றத் தீர்ப்பு எட்டாவுக்குச் சம்பந்தமில்லை என்று கண்டது. எனினும் மாட்ரிட் பத்திரிகைகளில் ஒரு சாரார் அதன் பிறகும் எட்டாவின் கையைத் தேடிக்கொண்டேயிருந்தார்கள்.