எலப்புள்ளிக்காரரும் திருச்சிக்காரரும்

பாலக்காட்டுத் தமிழர் நமக்கு எம்.எஸ்.வி. என்றாலே தலை கொஞ்சம் நிமிரும். 1928-ல் எலப்புள்ளியில் பிறந்தவர் ஆச்சே! ஆனால் பாதிப் பெருமை திருச்சி டி.கே.ராமமூர்த்திக்குப் போகணும், அதை மறந்துவிடுகிறோம். அவர் வயதில் மூத்தவர், வயலின்காரர். இருவருமே சி.ஆர்.சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். 1952-ல் அவர் காலமான பிறகு ஜோடியாக 'பணம்' படத்துக்கு இசையமைத்தார்கள்.

இந்த ஜோடியின் துள்ளலுக்கு என் ஓட்டு, 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) ரவிச்சந்திரன் கோஷ்டி விஸ்வநாதனிடம் வேலை கேட்டுப் போடும் ஆட்டத்துக்கு. கதையில் விஸ்வநாதன், பாலையா. மெட்டுப் போட்டவரும் விஸ்வநாதன்! படமானது ஆழியாறில், பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம். பாலக்காட்டிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம்.

1965-ல் 'ஆயிரத்தில் ஒருவனோடு' பிரிந்தார்கள். காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள், விடுங்கள்.

முப்பது வருடம் கழித்து, 1995-ல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். மலையாள 'சித்ரம்'தான், தமிழில் சத்யராஜ். ஆனால் அது 'பாட்ஷா'வும் 'பம்பாய்'யும் வந்த வருடம். பழைய நாளில் வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, பாடகரும் கூடவே பாடுவார். அந்தச் சூட்டில் பிறந்தது அந்தத் துள்ளல். 95-ல் எங்கும் கீபோர்டு, தனித்தனி டிராக். ஜோடி திரும்பியது, அந்தக் கூடம் திரும்பவில்லை.

2012-ல் தமிழக முதல்வர் இருவருக்கும் சேர்த்தே 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தார். ராமமூர்த்தி 2013-ல் போனார், எம்.எஸ்.வி. 2015-ல்.

இங்கே பொங்கல் விழாவில் நம்ம பசங்க இன்னமும் அந்த 64 பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள். 95 படத்தில் ஒரு பாட்டாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?